இட்லி இடம், வடை வலம்: பங்கு மாற்றி ஆடும்போது வரும் கோளாறுகளும் கைவைத்தியமும்

பினாங்கில் எங்கள் சனிக்கிழமை ஆட்டத்துக்கு அட்டவணை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. முதல் அரை மணி நேரம் கோலாட்டம். அப்புறம் காண்ட்ரா. மின்விசிறிகள் ஒத்துழைத்தால் கடைசியில் ஒரு கும்மி. கும்மியில் எல்லோருக்கும் ஒரே வேலை, அதனால் பங்கு மாற்றுகிற தொல்லை கிடையாது. தொல்லையெல்லாம் காண்ட்ராவில்தான்.

தெரியாதவர்களுக்கு: காண்ட்ரா என்பது இங்கிலாந்தின் நாட்டு ஆட்டங்கள் கடல் கடந்து அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பக்கம் போய் வேறு உருவெடுத்த வரிசை ஆட்டம். இரண்டு நீள வரிசை. ஒரு ஜோடியும் எதிர் ஜோடியுமாக நான்கு பேர் சேர்ந்து 64 தாளத் தட்டுக்கு ஆடுவார்கள். முடிந்ததும் அடுத்த ஜோடியிடம் நகர்ந்து அதே ஆட்டத்தைத் திரும்ப ஆட வேண்டும். ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவர் இடப்பக்கம், ஒருவர் வலப்பக்கம். முன்பு ஆண் இடம், பெண் வலம் என்று இருந்தது. இப்போது பல ஊர்களில் இடப்பக்கத்தவரை லார்க் என்றும் வலப்பக்கத்தவரை ராபின் என்றும் பறவைப் பெயரில் அழைக்கிறார்கள். ஆங்கிலத்தில் இடம், வலம் என்ற சொற்களின் முதலெழுத்தே அந்தப் பறவைகளுக்கும் முதலெழுத்து. ராபினுக்கு முன்னால் ரேவன், அதாவது காக்கை இனம், அந்த இடத்தில் இருந்தது.

எங்கள் மண்டபத்தில் லார்க்கும் ராபினும் இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. "எது டீச்சர் எந்தக் குருவி?" என்று கேட்டே ஓய்ந்துபோனார்கள். மூன்றாவது வாரம் பின்வரிசைப் பையன் ஒருவன் வழி கண்டுபிடித்தான்: இட்லி இடம், வடை வலம். அன்றிலிருந்து யாரும் மறக்கவில்லை. ஆட்டம் முடியும்போது பசி எடுக்கிறது என்பது மட்டும்தான் குறை.

இது ஆடத் தெரிந்தவர்களுக்குப் பங்கு மாற்றப் பழக்குகிறவர்களுக்காக எழுதுவது. புதிதாக வருபவர் அவ்வளவாகத் தடுமாற மாட்டார். ஐந்து வருஷம் ஒரே பக்கம் நின்று பழகிய கால்தான் முரண்டு பிடிக்கும். கோளாறுகளில் பாதிக்கு மேல் ஒரே வேர். "இவர் இட்லி, அவர் வடை" என்று ஆளோடு ஒட்டிவைத்து எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பங்கு என்பது நிற்கும் இடம். இந்த நொடியில் இடப்பக்கம் யார் நிற்கிறாரோ அவர் இட்லி. அடுத்த நொடி அவர் வலப்பக்கம் போனால் வடை. இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே பாருங்கள்.

ஸ்விங் முடிந்ததும் எந்தப் பக்கம் நிற்பதென்று தெரியாமல் முழிக்கிறார்கள்

அதிகம் வருகிற கோளாறு இதுதான். ஸ்விங் என்றால் ஜோடி பிடித்துக்கொண்டு ஒரே இடத்தில் கடிகாரச் சுற்றாகச் சுழல்வது. முடிந்ததும் இருவரும் தோளோடு தோள் நின்று எதிர் வரிசையைப் பார்க்க வேண்டும், இட்லி இடப்பக்கம், வடை வலப்பக்கம். பங்கு மாற்றிய ஜோடி இங்கே வந்ததும் பழைய பழக்கத்தில் பழைய பக்கத்துக்கே போய்விடும். அல்லது ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றுவிடும். அதற்குள் நான்கு தட்டு போயிருக்கும்.

"இடது, வலது" என்று கத்துவதால் பலன் இல்லை. சுழன்று வந்த தலைக்கு இடது எது வலது எது என்று தெரியாது. பக்கத்தை விட்டுவிட்டுக் கையைச் சொல்லிக்கொடுங்கள். யாருடைய வலது கை மற்றவரின் முதுகில் இருக்கிறதோ அவர் இட்லி. இட்லியின் இடது கையும் வடையின் வலது கையும் கோத்து வெளியே நீண்டிருக்கும். அந்த நீட்டிய கைகள் எதிர் வரிசையைக் காட்டும்போது கோப்பை விட்டுவிட்டு, முதுகில் இருக்கும் கையை மட்டும் விடாமல் இருவரும் அந்தப் பக்கம் திரும்பி நின்றால் போதும். இட்லியின் வலது கைக்குள்தான் வடை இருக்கிறது, ஆகவே தானாகவே வலப்பக்கம்தான் நிற்கும். பக்கத்தை யாரும் யோசிக்கவே வேண்டியதில்லை.

இதை முதலில் பாட்டில்லாமல், சுழலாமல், நின்ற இடத்திலேயே செய்ய வையுங்கள். பிடி, திற. பிடியை மாற்று, திற. ஒரு பத்து முறை. சலிப்பாகத்தான் இருக்கும், செய்யட்டும்.

அடுத்த கட்டம், சுழன்றுகொண்டிருக்கும்போதே மாற்றுவது. சாதாரணப் பிடியிலிருந்து நேரே எதிர்ப்பிடிக்குப் போக முயன்றால் முழங்கைகள் மோதும். நடுவில் ஒரு சமப்பிடி வையுங்கள்: இருவரும் ஒருவர் மேற்கையை மற்றவர் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொள்வது. இந்தப் பிடியில் யாரும் இட்லி இல்லை, யாரும் வடை இல்லை. இரண்டு சுற்று அப்படியே போய்விட்டு, புதிய இட்லி தன் வலது கையை முதுகுக்குக் கொண்டுபோனால் மீதிக் கைகள் தாமாக வழி தேடிக்கொள்ளும். சுற்றும் திசை மாறவே மாறாது, அதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். பங்கு மாறியதும் எதிர்ப்புறம் சுற்ற வேண்டும் என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள்.

16 தட்டு ஸ்விங்கில் மட்டும் இதைச் செய்யச் சொல்லுங்கள். 8 தட்டில் பிடி மாற்றுவது கைதேர்ந்தவர்கள் வேலை. யார் கேட்பது, எப்படிக் கேட்பது என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். எங்களிடம் "மாத்து" என்ற ஒரே சொல்தான். மற்றவர் தலையாட்டினால் மாற்றம், இல்லையென்றால் இல்லை. சொல்லாமல் கையை இழுக்கிற ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களை ஓரமாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்.

மாறிய ஜோடி ஒழுங்காக ஆடுகிறது, எதிரே வருபவர்கள்தான் குழம்புகிறார்கள்

எதிரே வருபவர் முகத்தைப் பார்க்கிறார். "போன சுற்றில் இந்த ஆன்டி வடைதானே?" என்று நினைத்து ஆன்டியிடம் வடைக்கான கையை நீட்டுகிறார். ஆன்டியோ இப்போது இட்லி.

இதற்கு நான் செய்த முட்டாள்தனம் ஒன்றைச் சொல்கிறேன். லெபோ பாசாரில் மஞ்சள் ரிப்பன் வாங்கிவந்து இட்லிகள் எல்லோர் மணிக்கட்டிலும் கட்டிவிட்டேன். முதல் ஆட்டம் கனகச்சிதம். இரண்டாவது ஆட்டத்தில் பங்கு மாற்றச் சொன்னேன். பாதிப் பேர் ரிப்பனை அவிழ்த்துக் கொடுத்தார்கள், மீதிப் பேர் முடிச்சு அவிழாமல் அப்படியே ஆடினார்கள். எதிரே வந்தவர்கள் இடத்தைப் பார்ப்பதை விட்டு மணிக்கட்டைப் பார்த்தார்கள். அந்த வரிசை என்ன ஆனது என்று விவரிக்கத் தேவையில்லை. நடுவில் ஒரு குழந்தை உட்கார்ந்து அழுதது. ரிப்பன், துண்டு, தொப்பி எதுவும் வேண்டாம் என்பது என் தீர்மானம். அடையாளம் கட்டினால் பங்கு மறுபடியும் ஆளோடு ஒட்டிக்கொள்ளும்.

அதற்குப் பதிலாக ஒரு விளையாட்டு: நான்கு பேர் வட்டமாகக் கை கோத்து நிற்க வேண்டும். நான் "இட்லி!" என்றதும் அந்த நொடியில் இட்லியாக நிற்பவர்கள் குதிக்க வேண்டும். ஜோடிகள் இடம் மாறும், மறுபடி கூப்பிடுவேன். ஐந்து நிமிடம் போதும், கண்கள் தாமாக இடத்தைத் தேட ஆரம்பிக்கும். நீங்களும் அவர்களைப் பார்த்தபடி நின்று செய்துகாட்டாதீர்கள், கண்ணாடிபோல எல்லாம் தலைகீழாகிவிடும். வரிசைக்குள் போய் ஒரு ஜோடியில் நின்று காட்டுங்கள்.

வடை வந்து சேர்கிறது, இட்லி தூண்போல நிற்கிறது

சங்கிலி என்று நாங்கள் சொல்லும் நகர்வு இது. இரண்டு வடைகள் நடுவில் வலது கை கொடுத்துக் கடந்து எதிர் இட்லியிடம் போவார்கள். அங்கே இடது கையோடு இடது கை சேர, இட்லி வலது கையை வடையின் முதுகுக்குப் பின் வைத்து இருவரும் சேர்ந்து இடஞ்சுழியாகத் திரும்பி நிற்க வேண்டும்.

எப்போதும் வடையாக ஆடியவர் இட்லியானால், இந்த இடத்தில் தனக்கு வேலையே இல்லை என்று நினைத்துக்கொள்வார். அவருக்குத் தெரிந்தவரை சங்கிலி என்றால் தான் போவது. இப்போது போக வேண்டியதில்லை, ஆகவே நிற்பது. வந்து சேர்ந்த வடை தானே அவரைச் சுற்றிவர வேண்டியதாகிவிடும், நேரம் போதாது.

சரிசெய்ய வழி: வடை கிளம்பும்போதே இட்லியும் கிளம்ப வேண்டும். தன் வடை விட்டுப்போன இடத்தை நோக்கி வலப்பக்கம் ஒரு காலடி, இடது கை முன்னால் நீட்டித் தயார். வந்தவர் கை சேர்ந்ததும் இட்லி பின்னோக்கி நடக்க வேண்டும், வடை முன்னோக்கி. இந்தப் பின்னோக்கி நடப்பதுதான் புதிது. "கார் ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி" என்று நான் சொன்ன பிறகு பலருக்குப் பிடிபட்டது, திரும்பிப் பார்த்துக்கொள்வது உட்பட.

சிலர் இதற்கு நேர்மாறு. இட்லியானதும் வருகிறவர்களையெல்லாம் கையைத் தூக்கிப் பம்பரம் விடுவார்கள். சுழல்வதா வேண்டாமா என்பது வடையின் விருப்பம், அவர் கையை உயர்த்தினால் மட்டும் சுழற்றலாம். குட்டையானவர் நெட்டையானவரைச் சுழற்றப்போய்க் கழுத்தில் இடித்த கதைகள் எங்களிடம் உண்டு.

இருவரும் ஒரே வேலையைச் செய்கிறார்கள், அல்லது இருவரும் ஒன்றும் செய்வதில்லை

"எல்லோரும் மாறுங்கள்" என்று ஒரே நேரத்தில் சொல்லிவிட்டீர்கள், அதுதான் காரணம். மண்டபத்தில் எல்லோரும் புதியவர்களாகிவிட்டார்கள், கைகொடுக்க ஆள் இல்லை. ஒன்றுவிட்டு ஒரு ஜோடி மட்டும் மாறட்டும். அப்போது, வரிசை முனைக்குப் போய்த் திரும்பும்வரை, மாறிய ஜோடிக்கு எதிரே மாறாத ஜோடி இருக்கும். அந்த நான்கு பேரில் இருவருக்கு வழி தெரியும். அடுத்த ஆட்டத்தில் மற்றவர்கள் மாறலாம்.

வரிசை முனைக்குப் போனவர்கள் திரும்பி வரும்போது இடம் தவறி வருகிறார்கள்

வரிசையின் முனைக்குப் போகும் ஜோடிக்கு எதிர் ஜோடி கிடையாது, ஒரு சுற்று சும்மா நிற்பார்கள். நிமிடத்துக்கு 115 தட்டு வேகத்தில் 64 தட்டு என்றால் அரை நிமிடத்துக்குச் சற்று மேல். நின்ற நிலையில் ஆளாளுக்குத் திரும்பினால் இட்லி வலப்பக்கம் போய்விடும், அதனால் திரும்பும்போது இடம் மாறிக்கொள்ள வேண்டும். தண்ணீர் குடிக்கப் போனவர்கள் இதை மறந்துவிடுவார்கள்.

இங்கேதான் எனக்கு விஷயம் புரிந்தது. இடம் மாற மறந்துபோன ஜோடியைப் பாருங்கள்: அவர்கள் உள்ளே வரும்போது பழைய வடை இடப்பக்கம், பழைய இட்லி வலப்பக்கம். அதாவது அறியாமலே பங்கு மாறிவிட்டார்கள். அவர்கள் அதை உணர்ந்து, இப்போது நிற்கும் இடத்துக்கான வேலையைச் செய்தால் ஆட்டத்தில் ஒரு கோளாறும் இல்லை. அவசரமாகத் திரும்ப இடம் மாறப் பார்ப்பதால்தான் சிக்கல்.

ஆகவே இதைக் கோளாறாகப் பார்க்காமல் பயிற்சியாக மாற்றிவிட்டேன். ஆட்டங்களுக்கு இடையே மாறுவது முதல் வாரம். வரிசை முனையில் மாறுவது இரண்டாவது வாரம்: முனைக்குப் போனவர்கள் வேண்டுமென்றே இடம் மாறாமல் உள்ளே வர வேண்டும். மூச்சு வாங்க அரை நிமிடம் இருக்கிறது, யோசிக்க நேரம் இருக்கிறது, யாரையும் இடிக்க மாட்டார்கள். ஸ்விங் நடுவில் மாறுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஆண்கள் வடையாக நிற்க மறுக்கிறார்கள்

இது காலில் வருகிற கோளாறு இல்லை. பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரி ஏறி வரும் ஒரு தம்பதி எங்களிடம் உண்டு. அங்கிள் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், ஆன்டி அவரை இழுத்து வந்தவர். முதல் தடவை பங்கு மாற்றச் சொன்னபோது அங்கிள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஏம்மா, நாற்பது வருஷமா நான் இட்லி."

"இன்னிக்கு ஒரு நாள் வடையா இருங்க அங்கிள், ஒண்ணும் ஆகாது."

"இவ முதுகுல கை வைக்கிறது நானு. என் முதுகுல இவ கை வைக்கிறதா?"

ஆன்டி ஒன்றும் பேசவில்லை. வலது கையை எடுத்து அவர் முதுகில் வைத்துவிட்டார். பாட்டு ஆரம்பித்துவிட்டது, அங்கிளுக்கு வாதாட நேரமில்லை. மூன்றாவது ஸ்விங்கில் அவர் சிரித்துவிட்டார். ஆட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து, "வடைக்கு இவ்வளவு வேலை இருக்குதுன்னு எனக்குத் தெரியாது" என்றார்.

அந்த அதிர்ஷ்டம் எல்லா நாளும் கிடைக்காது. வற்புறுத்தாதீர்கள். இரண்டு நண்பர்களையோ அப்பா மகனையோ ஜோடியாக நிறுத்தினால் "யார் ஆண் பங்கு" என்ற கேள்வியே எழாது, யாரோ ஒருவர் வலப்பக்கம் நின்றுதான் ஆக வேண்டும். எங்கள் மண்டபத்தில் பெண்களே அதிகம், பல அக்காக்கள் முதல் நாளிலிருந்தே இட்லியாக ஆடுகிறார்கள், அவர்களைப் பார்த்தும் கூச்சம் போகும். முதுகில் கை வைப்பதே சங்கடம் என்பவர்களுக்கு மேற்கைப் பிடியோ, இரண்டு கை கோப்போ போதும். மலாய்க்காரர்களின் ஜோகெட் ஆட்டம் ஆடுகிறவர்கள் தொடாமலே ஜோடியாக ஆடவில்லையா?

இன்னொரு தந்திரம், கோலாட்டத்தில் ஆரம்பிப்பது. உள்வட்டம், வெளிவட்டம் என்று நின்று கோல் தட்டும்போது யாரும் அதை ஆண் பெண் கணக்காக நினைப்பதில்லை. "உள்ளே இருப்பவர் வெளியே, வெளியே இருப்பவர் உள்ளே" என்று நாலு தடவை மாற்றிவிட்டு, அதே மூச்சில் காண்ட்ராவுக்கு வந்தால் எதிர்ப்பு பாதியாகக் குறையும்.

முட்டி வலிக்கிறது என்கிறார்கள்

பங்கு மாற்றிய அன்றுதான் இந்தப் புகார் வரும். நாம் செருப்பை வாசலில் விட்டுவிட்டு டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு ஆடுகிறோம். பினாங்கு வெக்கையில் பாதம் வியர்த்து ஒட்டும். பழகாத பிடியில் உடம்பு திரும்புகிறது, ஒட்டிய பாதம் திரும்ப மறுக்கிறது, நடுவில் மாட்டுவது முட்டி. ஒரே காலை ஊன்றித் தள்ளித் தள்ளிச் சுழலும் ஸ்விங்கை நிறுத்திவிட்டு, சின்னச் சின்ன அடியாக நடந்தே சுற்றச் சொல்லுங்கள். சாக்ஸ் போட்டால் வழுக்கும், அது வேறு ஆபத்து. வழவழப்பான அடி உள்ள துணிக் காலணி இருந்தால் நல்லது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறி இறங்கிய வாரம் நாங்கள் ஸ்விங்கே வைப்பதில்லை.

தாளம் தவறுகிறது

பங்கை யோசிக்கும் மூளை தாளத்தை விட்டுவிடும். பாட்டைக் கொஞ்சம் நிதானமானதாக மாற்றுங்கள். காண்ட்ராவுக்கு ஜிக் என்ற மெட்டும் உண்டு, ஒரு தட்டுக்குள் மூன்று சின்ன எண்ணிக்கை வரும், நம்மவர்களுக்கு அது "தகிட தகிட" என்றால் உடனே பிடிபடும்: ஒவ்வொரு தகிடவுக்கும் ஒரு காலடி. உறுமி கேட்டு வளர்ந்த கால்கள்தானே.

பின்னல் கோலாட்டத்தில் கயிறு அவிழவில்லை

பங்கு மாற்றப் பழகிய கூட்டத்துக்கு மட்டுமே வரும் வினோதக் கோளாறு. மேலே ஓரிடத்தில் கட்டிய கயிறுகளை ஆளுக்கொன்று பிடித்து, பாதிப் பேர் வலமாகவும் பாதிப் பேர் இடமாகவும், ஒருவருக்கு உள்ளே, அடுத்தவருக்கு வெளியே என்று மாறி மாறிப் போய்ப் பின்னுவோம். பிறகு எதிர்த் திசையில் போய் அவிழ்க்க வேண்டும். ஒரு சனிக்கிழமை கயிறு அவிழ்வதற்குப் பதில் இன்னும் இறுகியது. காரணம், திசை மாறியதும் எல்லோரும் "பங்கு மாற்றம்" என்று நினைத்து, கடைசியாக உள்ளே போனவர் இப்போது வெளியே போயிருக்கிறார்.

இங்கே மாற்றக் கூடாது. கடைசியாக யாரைக் கடந்தீர்களோ அவரையே முதலில் மறுபடி கடக்கிறீர்கள். உள்ளே போய்க் கடந்திருந்தால் உள்ளேயே திரும்ப வேண்டும். நிறுத்தும்போது ஒவ்வொருவரும் "நான் உள்" அல்லது "நான் வெளி" என்று உரக்கச் சொல்லிவிட்டுத் திரும்பினால் தவறாது. இறுகிவிட்டால் இழுக்காதீர்கள். கடைசி இரண்டு அடி பின்னால் போய், முடிச்சு விழுந்த இரண்டு பேர் மட்டும் கயிற்றைக் கைமாற்றிக்கொண்டால் சரியாகிவிடும்.

குரல் கொடுப்பவரே தவறாகக் கூப்பிடுகிறார்

அதாவது நீங்கள். நானும்தான். வாய் பழகிப்போய் "லேடீஸ் செயின்" என்று வந்துவிடும், இட்லியாக நிற்கும் நான்கு பெண்கள் சட்டென்று கிளம்பிவிடுவார்கள். வந்துவிட்டால் திருத்தி விளக்கம் சொல்லாதீர்கள், அடுத்த நகர்வு கையை விட்டுப் போய்விடும். "வடை!" என்று ஒரே சொல்லைப் போட்டுவிட்டு மேலே போங்கள்.

நகர்வு தொடங்குவதற்கு நான்கு தட்டு முன்னால் சொல்லி முடியுங்கள், தொடங்கிய பிறகு சொன்னால் பழைய கால்தான் கிளம்பும். பெயர் முதலில், வேலை அப்புறம்: "வடைகள், சங்கிலி." வேலையை முதலில் சொன்னால் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். வீட்டில் பாட்டைப் போட்டுவிட்டு நின்றபடியே கூவிப் பழகுங்கள். நான் சமையலறையில் பழகினேன். எதிர் வீட்டு அக்கா ஒரு நாள் ஜன்னல் வழியாகக் கேட்டார்: "டீச்சர், காலையிலேர்ந்து இட்லி வடைன்னு கத்துறீங்க, கடை வெச்சிருக்கீங்களா?"